கெத்தாரியாவின் இலச்சினைகள்

ஸ்பெயின் தேசத்தின் வடகடற்கரையில், சான் செபஸ்தியான் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கெத்தாரியா என்னும் சிற்றூர் ஒன்று உளது. பாஸ்க் மக்கள் வாழும் மாகாணங்களுள் ஒன்றாகிய கிப்புஸ்கோவாவைச் சேர்ந்தது அது. இன்று அவ்வூரில் வாழ்வோர் மூவாயிரவர்க்கும் குறைவு. ஆயினும், நிலவுலகை முதன்முதல் சுற்றிவந்த கப்பலின் தலைவன் அவ்வூரிற் பிறந்தவன். இருபதாம் நூற்றாண்டிற் பாரிஸ் மாநகரத்துச் சீமாட்டியர்க்கு ஆடை அமைத்த தையற்கலைஞர் ஒருவரும் அவ்வூரிலேயே பிறந்தார். ஊருக்கு ஓர் இலச்சினை உண்டு. கப்பற்றலைவனுக்கு அரசன் அளித்த இலச்சினை வேறொன்று உண்டு. தையற்கலைஞருக்கோ இலச்சினை யாதும் இல்லை. இவற்றை ஒருங்கே வைத்து நோக்குங்கால், இலச்சினை என்பது எதனைப் போற்றி வைக்கின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவை ஒருவாறு ஆராய்வதே ஈண்டு எம் கருத்து.

மேனாட்டாரிடத்து இவ்வழக்கம் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கிளைத்தது. தலை முதல் அடிவரை இரும்புக்கவசம் பூண்ட வீரன் ஒருவனை இன்னான் என்று அறிதல் இயலாமையின், அவன் தன் கேடயத்தின்மீது ஒரு வடிவினை வரைந்துகொண்டான். தந்தை வரைந்ததனை மைந்தனும் வரைந்தான். அது குலத்துக்கு உரிய சின்னமாயிற்று. பின்னர்ப் போர்த்தொழில் அறியாத நகரங்களும், திருச்சபைகளும், கல்விக்கழகங்களும் தத்தமக்கெனக் கேடயம் வகுத்துக்கொண்டன. பத்திரங்களில் முத்திரையிடுதற்கும், கோட்டை வாயிலிற் பொறித்தற்கும் அது பயன்பட்டது. பொன்னிறத்தின்மேல் வெள்ளி நிறம் வருதல் கூடாது, ஒரு வண்ணத்தின்மேல் மற்றொரு வண்ணம் வருதல் கூடாது என்றற்றொடக்கத்து விதிகளும் எழுந்தன. இலக்கணம் கற்பார்க்கு இவ்விதிகள் இன்பம் தருவனவே. எனினும் அவற்றை விரிப்பிற் பெருகுமாதலின் விடுத்து, ஊரை நோக்கிச் செல்வாம்.

கெத்தாரியா பிஸ்காய் விரிகுடாவினுள் நீண்டு கிடக்கும் ஒரு நிலமுனையின்மேல் அமைந்தது. ஊருக்கு முன்னே கடலினுள் சான் அந்தோன் என்னும் குன்று ஒன்று நிற்கின்றது. முற்காலத்தில் அது தீவாயிருந்தது. பின்னர்க் கரையோடு இணைக்கப்பட்டது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அக்குன்று படுத்திருக்கும் எலிபோலத் தோன்றுதலின், அப்பக்கத்தார் அதனைக் 'கெத்தாரியாவின் எலி' என்றே வழங்குவர். காஸ்தில் நாட்டரசன் எட்டாம் அல்போன்சோ 1209-ம் ஆண்டில் இவ்வூர்க்கு உரிமைப் பத்திரம் அளித்தான். கிப்புஸ்கோவா மாகாணத்து ஊர்களின் பிரதிநிதிகள் கூடிய பெருஞ்சபை 1397-ல் இங்குள்ள சான் சால்வதோர் ஆலயத்திலேதான் கூடிற்று. அவ்வாலயம் காண்பார்க்கு வியப்புத் தருவது. அதன் தளம் சமதளமன்று. ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் சரிந்து கிடக்கும். நிலத்தின் குறுகிய அளவுக்கு ஏற்பக் கட்டப்பட்டமையால் சுவர்களும் ஒன்றுக்கொன்று நேராக நில்லா. ஆலயத்தின் அடியிலே தெருவொன்று சுரங்கம்போலப் புகுந்து துறைமுகத்தை அடைகின்றது. 1638-ல் பிரெஞ்சுக் கப்பற்படை இத்துறைக்கு அண்மையில் ஸ்பானியக் கப்பல்களைச் சுட்டெரித்தது. 1836-ல் உள்நாட்டுப் போரில் ஊரின் பெரும்பகுதி அழிந்தது. ஆலயம் இவ்விரண்டனையும் கடந்து நிற்கின்றது.

இனி, ஊரின் இலச்சினை. கடலலைகளின்மேல் ஒரு திமிங்கிலம். அதன் உடலிற் பாய்ந்து நிற்கும் ஓர் எறியுளி. இவ்வளவே. சிங்கம் இல்லை, கழுகு இல்லை, முடி தாங்கும் தேவதூதர் இல்லை. அரசர் கேடயங்களில் உள்ள சிங்கத்தை அக்குடியினர் பெரும்பாலும் கண்டிரார். கெத்தாரியாவாரோ தாம் கண்டதனையே, தம் கையாற் கொன்றதனையே வரைந்தனர். பெர்மேயோ, லெக்கெய்த்தியோ, ஹொந்தாரிபியா முதலிய அண்டை ஊர்களின் இலச்சினைகளிலும் திமிங்கிலம் உண்டு. ஓர் ஊரின் சின்னத்தை மற்றோர் ஊர் பார்த்தெழுதியது எனக் கொள்ளற்க. அக்கரை முழுவதும் ஒரே தொழிலால் வாழ்ந்தது என்பதற்கு அஃது ஒரு சான்று.

அத்தொழில் நடந்தவாறு கேட்கத்தக்கது. ஐப்பசித் திங்கள் தொடங்கிப் பங்குனி வரையில் திமிங்கிலங்கள் அவ்விரிகுடாவுக்கு வரும். குன்றின் உச்சியிற் காவற்கூடம் ஒன்று அமைத்து, ஒருவன் இரவு விடியுமுன்னரே சென்று கடலை நோக்கியிருப்பான். நீரின்மேல் மூச்சுப்புகை எழக் கண்டவுடன் அவன் புகை எழுப்பியோ ஒலி எழுப்பியோ ஊரார்க்கு அறிவிப்பான். படகுகள் ஒன்றையொன்று முந்தும். முதலில் எறியுளி எறிந்த படகினர்க்கே பெரும்பங்கு ஆதலின், துடுப்புப் போடுவார் உயிரைப் பொருட்படுத்தார். எறியுளி பட்ட திமிங்கிலம் கயிற்றோடு படகையும் இழுத்துக்கொண்டு ஓடும்; அது களைத்து நிற்குங்கால் அணுகி ஈட்டியாற் குத்திக் கொல்வர். கரைக்கு இழுத்துவந்து, கொழுப்பை அறுத்துக் கொப்பரைகளில் உருக்கி நெய் எடுப்பர். ஐரோப்பாவின் பல நகரங்களில் விளக்கெரித்தது அந்நெய்யே. இவ்வினத் திமிங்கிலம் மெல்ல நீந்துவது, கரையை அடுத்து வருவது, கொல்லப்பட்ட பின்னும் அமிழாது மிதப்பது. இம்மூன்று குணங்களுமே அதற்குக் கேடாயின.

வேட்டைக்காரர் கண்டறிந்த மற்றோர் உண்மையும் உண்டு. கன்றினை முதலிற் குத்தினால் தாய் அவ்விடம் விட்டு நீங்காது. ஆகவே கன்றையே முதலிற் குத்தினர். ஈன்ற அன்பையே தூண்டிலாக்கிய இச்செய்தியைப் படித்தபோது எமக்கு மேலே படிக்க மனம் எழவில்லை. ஆயினும் அவர்தம் பசியையும் எண்ணல் வேண்டும். குளிர்காலத்தில் வயலும் மலையும் ஒன்றும் தாராத ஊரில், ஒரு திமிங்கிலம் வந்ததென்றால் ஊர் முழுவதும் உண்டது.

அரசரும் இதிற் பங்கு கேட்டனர். அண்டையூராகிய சராவுத்ஸுக்கு மூன்றாம் பெர்னாந்தோ 1237-ல் அளித்த பத்திரத்திலே, பிடிபடும் ஒவ்வொரு திமிங்கிலத்தினின்றும் தலை முதல் வால்வரை நீண்ட ஒரு துண்டு அரசனுக்கு உரியது என்னும் விதி காணப்படுகின்றது. கெத்தாரியாவில் ஆண்டுதோறும் முதற்கண் பிடித்த திமிங்கிலத்தை அரசனுக்கு அளிப்பதும், அரசன் அதிற் பாதியைத் திருப்பித் தருவதும் வழக்கம் என்பர். கடலில் உயிரைப் பணயம் வைத்தவன் ஒருவன். பாதியை வள்ளன்மையோடு திருப்பித் தந்தவன் மற்றொருவன். இவ்வரசர்தம் வள்ளன்மையைப் பின்னும் ஓரிடத்திற் காண்போம்.

காலம் செல்லச் செல்லத் திமிங்கிலங்கள் அருகின. பாஸ்க் மாலுமிகள் பதினாறாம் நூற்றாண்டிலேயே அட்லாந்திக் பெருங்கடலைக் கடந்து, இன்றைய கனடாவின் லாப்ரடார்க் கரைவரை திமிங்கிலம் தேடிச் சென்றனர். 'சான் ஹுவான்' என்னும் அவர்தம் கப்பலொன்று 1565-ல் அங்கே மூழ்கிற்று. அதன் மரங்களை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆராய்ச்சியாளர் கடலடியிற் கண்டெடுத்தனர். தாய்க்கரையிலோ, பல தலைமுறைக்கு ஒன்றாகத் திமிங்கிலம் வரலாயிற்று. 1878-ல் அவ்வாறு ஒன்று வந்தபோது, கெத்தாரியாப் படகினரும் சராவுத்ஸ் படகினரும் அதனைக் கொன்று, எமது எமது என வழக்கிட்டனர். அதன் எலும்புக்கூட்டைச் சான் செபஸ்தியான் நகரத்து மீன்காட்சிச் சாலையில் இன்றும் காணலாம். 1901-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி, சராவுத்ஸுக்குக் கிழக்கேயுள்ள ஓரியோ ஊரார் கொன்றதே அக்கரையிற் கொல்லப்பட்ட கடைசித் திமிங்கிலம். பாஸ்க் மக்களின் பெயரையே தாங்கிய இவ்வினத்தில், இன்று உலகெங்கும் எஞ்சியிருப்பவை 400-க்கும் குறைவு; அவையும் வட அமெரிக்கக் கரையோரத்தில் வாழ்வன. கப்பல் மோதியும் மீன்வலைக் கயிறு சுற்றியும் அவற்றுட் பல மடிகின்றன. கெத்தாரியாவின் கேடயத்தில் எறியுளி பட்ட திமிங்கிலம் இன்றும் நீந்துகின்றது. கேடயத்தை விட்டுக் கடலை நோக்கினால் அதனைக் காண்டல் அரிது.

இரண்டாவது இலச்சினைக்கு உரியவன் ஹுவான் செபஸ்தியான் எல்கானோ. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெத்தாரியாவிற் பிறந்தவன். இளமையிலேயே கடல்மேற் சென்று, 200 டன் கொண்ட கப்பல் ஒன்றுக்கு உடையவனானான். அக்கப்பலோடு ஆப்பிரிக்கக் கரையிலும் இத்தாலியிலும் அரசனுக்குப் போர்ப்பணி செய்தான். பணிக்குரிய கூலியை அரசன் தந்திலன். மாலுமிகளுக்குக் கூலி கொடுக்கும் பொருட்டு எல்கானோ சவோய் நாட்டு வணிகரிடம் கடன்பட்டான்; கடனைத் தீர்க்க வழியின்றிக் கப்பலையே அவர்க்கு விட்டுக்கொடுத்தான். போர்க்காலத்தில் அயல்நாட்டார்க்குக் கப்பல் விற்றல் சட்டப்படி குற்றம். கடனாளியை அரசன் ஆக்கினான். குற்றவாளியை அரசன் சட்டம் ஆக்கிற்று. இந்நிலையிலேதான் அவன் மகெல்லன் என்னும் போர்ச்சுகீசியத் தலைவன் கூட்டிய கப்பற்படையிற் சேர்ந்தான்.

ஐந்து கப்பல்கள் 1519-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி சான்லூக்கார்த் துறையினின்றும் புறப்பட்டன. மேற்கு நோக்கிச் சென்று, வாசனைப்பண்டங்கள் விளையும் மலுக்குத் தீவுகளை அடைதல் அவர் கருத்து. அக்காலத்திற் கிராம்பு உலகில் வேறெங்கும் விளையவில்லை. தெர்னாத்தே, திதோரே முதலிய சில சிறு தீவுகளில் மட்டுமே விளைந்தது. சாதிக்காய் அவற்றுக்குத் தெற்கே பாண்டாத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. பஞ்சவாசம் என நம் முன்னோர் வெற்றிலையோடு கூட்டிய ஐந்தனுள் இவ்விரண்டும் உண்டாகலின், அத்தீவுகளின் விளைபொருள் எல்கானோ பிறத்தற்குப் பன்னூற்றாண்டு முன்பே தமிழ்நாட்டுத் துறைகளை அடைந்தமை தெளிவு. நிற்க.

அப்பிரயாணத்தின் துன்பமனைத்தையும் ஈண்டு எடுத்துரைத்தல் இயலாது. 1520-ம் ஆண்டு ஏப்ரலில் தென்னமெரிக்கக் கரையிலே மகெல்லனுக்கு எதிராகக் கலகம் மூண்டது. எல்கானோவும் கலகக்காரருள் ஒருவன். மகெல்லன் சிலரைக் கொன்றான், பலரை மன்னித்தான். மன்னிக்கப்பட்டோருள் இவனும் உளன். 1521-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி பிலிப்பைன் தீவுகளுள் ஒன்றாகிய மக்தானில் நடந்த போரில் மகெல்லன் வீழ்ந்தான். எஞ்சிய கப்பல்கள் இரண்டு, நவம்பர் மாதத்தில் திதோரேத் தீவை அடைந்தன. அவற்றுள் ஒன்று ஓட்டை விழுந்து கிடந்தது. மற்றொன்றாகிய 'விக்தோரியா' என்னும் கப்பலுக்கு எல்கானோ தலைவனாய், ஐரோப்பியர் 47 பேரோடும் தீவினர் 13 பேரோடும், டிசம்பர் 21-ந் தேதி மேற்கு நோக்கிப் பாயெடுத்தான். இந்துமகா சமுத்திரத்திலும் ஆப்பிரிக்கக் கரையிலும் இருந்த துறைகளெல்லாம் போர்ச்சுகீசியர் வசத்தன. அவர் கையிற் சிக்கினால் மீட்சியில்லை. ஆதலின் எத்துறையையும் அணுகாது, நெடுந்தெற்கே சென்று நன்னம்பிக்கை முனையைச் சுற்றினர். அரிசியும் தண்ணீருமே உணவு. நாள்தோறும் பிணங்களைக் கடலில் இட்டனர்.

வேறு வழியின்றிக் கேப் வெர்தேத் தீவில் உணவு கொள்ளச் சென்றபோது, அங்கே போர்ச்சுகீசியர் 13 பேரைச் சிறைப்பிடித்தனர். ஆங்கு மற்றொரு புதுமையும் நிகழ்ந்தது. கப்பலில் நாட்குறிப்பு எழுதிவந்தோர் அன்று புதன்கிழமை என்றனர். கரையிலுள்ளார் வியாழக்கிழமை என்றனர். சூரியனைப் பின்பற்றி உலகைச் சுற்றியமையால் ஒரு நாள் குறைந்தமை அப்போதே விளங்கிற்று. 1522-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி விக்தோரியா சான்லூக்காரை அடைந்தது. மூன்றாண்டுக்கு முன் புறப்பட்ட 240 பேர்வரையிலானோருள், அக்கப்பலில் திரும்பினோர் பதினெண்மர். மலுக்குத் தீவினர் சிலரும் உடன் வந்தனர். சரித்திர நூல்களின் கணக்கு பதினெட்டோடு நின்றுவிடுகின்றது.

அன்றே எல்கானோ பேரரசன் ஐந்தாம் சார்லஸுக்கு ஒரு கடிதம் வரைந்தான். உலகம் உருண்டை என்பதனைச் சுற்றிவந்து உறுதிசெய்தோம் என்று அதிற் கூறினான். கேப் வெர்தேயிற் சிறைப்பட்ட 13 பேரையும் மீட்டருளல் வேண்டும் என்றும் வேண்டினான். துன்பத்தினின்றும் கரையேறிய அந்நாளிலேயே பிறர் விடுதலையை நினைந்தமை அவன்பால் எமக்கு மதிப்பை உண்டாக்குகின்றது. கலகம் செய்தவன் என்றும், சட்டம் கடந்தவன் என்றும் அவனைப் பழிப்பார் இக்கடிதத்தையும் நோக்குவாராக.

கப்பலில் வந்த கிராம்பு 381 மூட்டை. ஐந்து கப்பலுக்கும் ஆன செலவனைத்தையும் அவ்வொரு கப்பற் கிராம்பே ஈடுசெய்தது. பேரரசன் மகிழ்ந்து எல்கானோவை வல்லதோலித் நகருக்கு அழைத்தான். பழைய குற்றத்தை மன்னித்தான், ஆண்டுதோறும் 500 துக்காத்துப் பொன் அளிப்பதாக 1523-ம் ஆண்டு ஜனவரியில் ஆணையிட்டான், இலச்சினையும் அருளினான்.

அவ்விலச்சினையின் அமைப்பு வருமாறு. கேடயத்தின் மேற்பாதி செந்நிறம். அதன்மேல் பொற்கோட்டை ஒன்று. அது காஸ்தில் அரசின் சின்னம். கீழ்ப்பாதி பொன்னிறம், அதன்மேல் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் இலவங்கப்பட்டை இரண்டு, சாதிக்காய் மூன்று, கிராம்பு பன்னிரண்டு. கேடயத்தின்மேல் தலைச்சீரா, அதன் உச்சியில் பூகோளம், அதனைச் சுற்றிய பட்டிகையில் 'என்னை முதன்முதற் சுற்றிவந்தவன் நீ' எனப் பொருள்படும் இலத்தீன் வாசகம்.

சிங்கமும் கழுகும் வீற்றிருந்த கேடயத்தில் சமையலறைச் சரக்கு ஏறியதைக் கண்டு நகைப்பாரும் உளராகலாம். எமக்கு இஃது ஒரு நேர்மையாகவே தோன்றுகின்றது. எதன் பொருட்டு அப்பிரயாணம் நிகழ்ந்தது, எதனால் அது வெற்றி எனப்பட்டது என்பதனை மறையாது காட்டும் கேடயம் அது. ஸ்பானிய மொழியிற் கிராம்புக்கும் ஆணிக்கும் 'கிளாவோ' என ஒரே பெயர். வடிவு நோக்கி இட்ட பெயர் அது. ஆணிகள் பன்னிரண்டு கொண்டு அவனை அக்கேடயத்தில் அறைந்துவிட்டனர் என்று கூறலாம் போலும்.

பட்டிகையின் வாசகத்தை இலக்கண மாணாக்கராகிய யாம் சிறிது நின்று நோக்குவேம். பேசுவது பூகோளம். அது தன்னைத் தன்மையிலும் எல்கானோவை முன்னிலை ஒருமையிலும் வைத்துப் பேசுகின்றது. 'நீவிர்' என்று பன்மையாற் கூறியிருப்பின் பதினெண்மரும் அதனுள் அடங்கியிருப்பர். 'நீ' என்னும் ஓரெழுத்து பதினெழுவரை வெளியே நிறுத்திற்று. மக்தானில் மாண்ட மகெல்லனையும் நிறுத்திற்று. மகெல்லன் முன்னொரு பயணத்தில் மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற என்ரிக்கே என்னும் அடிமை, இப்பிரயாணத்திலும் உடன்வந்து பிலிப்பைன் தீவுகளை அடைந்தான். 1521-ம் ஆண்டு மே மாதத்திற்குப்பின் அவன் எங்குச் சென்றான் என்பது எந்நூலிலும் இல்லை. தன் தாய்நாட்டை அவன் மீண்டும் அடைந்திருப்பானாயின், முதன்முதற் சுற்றிவந்தவன் அவனே ஆவான். அவனுக்குக் கேடயம் வகுப்பார் யாவர்?

ஏடும் இத்தகைய மறதிக்கு விலக்கன்று. பதினெண்மருள் ஒருவனாய்த் திரும்பி வந்த அந்தோனியோ பிகாபெத்தா என்னும் இத்தாலியன் பிரயாண முழுமையையும் விரிவாக எழுதினான். அந்நூலில் எல்கானோவின் பெயர் ஓரிடத்தும் காணப்படவில்லை. தன்னை நாடு கொண்டுசேர்த்த கப்பலின் தலைவனை அவன் ஒருமுறையேனும் பெயர் சுட்டாது விட்டான். மகெல்லன்பால் அவன் கொண்ட அன்பும், கலகக்காரர்பால் கொண்ட வெறுப்பும் காரணம் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். ஆகவே, இலச்சினை பதினெழுவரை மறந்து ஒருவனை நினைவிற் கொண்டது; நூல் அவ்வொருவனை மறந்தது. இரண்டனையும் ஒருங்கே வைத்துப் படிப்பவனே உண்மையை அணுகுவான்.

அரசன் அருளிய 500 துக்காத்து என்னவாயிற்று? அப்பொன் லா கொருஞ்ஞா நகரத்தில் புதிதாக அமைத்த வாசனைப்பண்டச் சாலையின் வருவாயினின்றும் தரப்படுதல் வேண்டும் என்பது ஆணை. அச்சாலைக்கு வருவாய் இனி வரும் கப்பல்களால் வருதல் வேண்டும். கப்பல்களோ வரவில்லை. வருவிக்கும் பொருட்டு ஏழு கப்பல்கள் 1525-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி லோவாய்சா என்பான் தலைமையிற் புறப்பட்டன. எல்கானோவும் அவற்றுள் ஒன்றைச் செலுத்திச் சென்றான். தன் உடன்பிறந்தாரையும் உடன் கொண்டான். பசிபிக் பெருங்கடலின் நடுவே நோயுற்று, 1526-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி மரணசாசனம் எழுதினான். அதற்குச் சாட்சிக் கையெழுத்திட்டோருள் ஒருவன், பிற்காலத்தில் பசிபிக் கடலைக் கிழக்கு நோக்கிக் கடக்கும் வழி கண்ட அந்திரேஸ் தெ உர்தனேத்தா. சாசனத்திற் கெத்தாரியாவின் சான் சால்வதோர் ஆலயத்தை எல்கானோ மறந்திலன். ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் இறந்தான். உடல் கடலில் இடப்பட்டது.

அவன் அன்னை கத்தலீனா தெல் புவெர்த்தோ கெத்தாரியாவில் உயிரோடிருந்தாள். தன் மகனுக்கு அரசன் தரவேண்டிய பொன்னைக் கேட்டுப் பல ஆண்டுகள் வழக்காடினாள். மகன் வாங்காத பொன் அது. 1529-ல் பேரரசன் மலுக்குத் தீவுகளின்மேல் தனக்கிருந்த உரிமையை 350,000 துக்காத்துக்குப் போர்ச்சுகல் அரசனுக்கு விட்டுக்கொடுத்தான். அத்துணைப் பெருந்தொகை கைக்கு வந்தபின்னும், அவ்வழியைக் காட்டியவனின் தாய்க்குக் கொடுக்க 500 கிடைக்கவில்லை. கேடயத்தில் வரைந்த கிராம்பு அரசனுக்குச் செலவில்லாதது. பொன் செலவுடையது. முதற்றிமிங்கிலத்திற் பாதியைத் திருப்பித் தந்த அரசர் மரபினன் இவன் என்பதனை வாசகர் நினைவுகூர்வாராக.

இன்று கெத்தாரியாவில் எல்கானோவுக்குச் சிலைகள் பல உள. அவன் திரும்பியதன் நானூறாம் ஆண்டு நிறைவையொட்டி, பழைய கோட்டைக் கொத்தளத்தின்மேல் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் விக்தோரியோ மாச்சோ என்னும் சிற்பி செதுக்கிய உருவம் ஒன்று உண்டு. அதிற் பொறித்த பெயர்களுள் மற்றைப் பதினெழுவரும் உளர் என்பது எமக்கு ஆறுதல் தருகின்றது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டு மாதத்திலே ஊரார் தாமே வேடம் பூண்டு, கிழிந்த உடையோடு பதினெண்மரும் துறையில் இறங்கும் காட்சியை நடித்துக் காட்டுவர். விக்தோரியா வந்தடைந்தது அந்தலூசியாவின் சான்லூக்கார் ஆயினும், ஊராரின் அன்புக்கு அத்தொலைவு ஒரு பொருட்டன்று.

கெத்தாரியாவிற் பிறந்த மாலுமி மற்றொருவனையும் குறித்தல் தகும். 1713-ல் பிறந்த தொமிங்கோ தெ பொனெச்சேயா என்பான் ஸ்பானிய அரசின் ஆணையால் 1772-லும் அதற்குப் பின்னரும் தஹித்தித் தீவுக்குச் சென்றான். 1775-ல் அங்கேயே இறந்தான். கடலிற் சென்று கடலுக்கப்பால் இறத்தல் அவ்வூரார்க்குப் புதிதன்று.

இனி இலச்சினை இல்லாதவரைப் பற்றிக் கூறுவாம். கிறிஸ்தோபல் பலென்சியாகா 1895-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி பிறந்தார். தந்தை படகோட்டி, மைந்தன் சிறுவனாயிருக்கும்போதே இறந்தார். தாய் மார்த்தினா எய்சகிர்ரே தையல் வேலையாற் குடும்பத்தைக் காத்தார். கோடைகாலத்தில் அவ்வூர் மேட்டுமாளிகைக்கு வந்து தங்கிய காசா தோர்ரெஸ் சீமாட்டியின் இல்லத்திலும் அவருக்கு வேலை கிடைத்தது. தாயோடு அங்குச் சென்ற சிறுவன், பாரிஸிலிருந்து வந்த உடைகளைக் கண்ணால் அளந்தான். சீமாட்டி அவன் கைவன்மையை அறிந்து, தன் விலையுயர்ந்த உடையொன்றைப் பார்த்துத் தைக்குமாறு துணி கொடுத்தாள் என்பர். அவ்வுதவியாற் சான் செபஸ்தியானில் தொழில் கற்று, 1917-ல் அங்கேயே தம் தையலகத்தைத் தொடங்கினார். 1936-ல் மூண்ட உள்நாட்டுப் போர் அவரைத் தேசத்தைவிட்டு ஓட்டிற்று. 1937-ல் பாரிஸ் மாநகரில் ஐந்தாம் ஜார்ஜ் வீதியிற் கடை திறந்தார்.

வெட்டவும், தைக்கவும், முடிக்கவும் தாமே அறிந்தவர் அவர். உடல் துணியை இறுக்காமலும், துணி உடலை இறுக்காமலும், இரண்டுக்கும் நடுவே காற்று நிற்கும்படி தைத்தார். மீனவரின் அகன்ற மேற்சட்டையையும், குருமாரின் திருவுடைகளின் விறைப்பையும், பழைய ஸ்பானிய ஓவியங்களின் கருமையையும் அவர் ஆடைகளிற் கண்டுகொள்ளலாம். துறைமுகத்துப் படகோட்டி மகன் அவ்வுருவங்களை எங்கிருந்து எடுத்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 1960-ல் பெல்ஜியம் நாட்டு அரசியாகிய பபியோலாவின் திருமண உடையைத் தைத்தவரும் அவரே. தம்மைப் பற்றிப் பேசுதலை வெறுத்தார். பத்திரிகையாளரைக் கண்டால் ஒதுங்கினார். 1968-ல் கடையை மூடிவிட்டார். 1972-ம் ஆண்டு மார்ச்சு 23-ந் தேதி தென்கிழக்கு ஸ்பெயினில் ஹாவியா என்னும் ஊரில் இறந்தார். அவர் உடலைக் கெத்தாரியாவின் கல்லறைத் தோட்டத்திற்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தனர். அவர் சிறுவராய்த் தாயோடு படியேறிச் சென்ற அம்மாளிகையை ஒட்டியே, அவர் தைத்த ஆடைகளைப் போற்றும் காட்சிச்சாலை 2011-ல் திறக்கப்பட்டது.

அரசர் எவரும் அவருக்குக் கேடயம் வகுத்திலர். அவர் தாய் மார்த்தினாவின் ஊசிக்கும், வழக்காடி நின்ற கத்தலீனாவின் மனுவுக்கும், பாஸ்க் ஊர்களின் கேடயமெதனிலும் இடமில்லை. எல்கானோவின் குடும்பத்துப் பழைய பத்திரங்களோ இன்றும் உள. அரசன் தந்த வாக்கும், அது நிறைவேறாமையும், கிழவி கேட்ட கேள்விகளும் அக்காகிதக் கட்டில் அடங்கியுள்ளன.